உள் அறைதான் வேண்டும்

ஜனவரி 22

கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டோம். மார்ச் பதினெட்டு சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு, நான்கு இரவு கழித்துச் சிங்கப்பூரிலேயே இறங்குவது. திருச்சியிலிருந்து நேர் விமானம் இருப்பதால் அலைச்சல் இல்லை.

டிராவல்ஸ் அலுவலகம் சாலை ரோட்டில், ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது. நடத்துகிறவர் பிலோமினா என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். படம் போட்ட புத்தகத்தை விரித்து அறைகளைக் காட்டினார். பால்கனி வைத்தது, கண்ணாடிச் சன்னல் வைத்தது, ஒன்றுமே இல்லாத உள் அறை. அந்த உள் அறையிலும் இரண்டு விதமாம். நம்பரை நாமே பார்த்து எடுப்பது ஒன்று. 'கேரண்டி' என்பது இன்னொன்று. அதில் உள் அறை நிச்சயம் உண்டு, ஆனால் எந்தத் தளம், எந்த நம்பர் என்று கம்பெனிதான் கடைசியில் சொல்லும். விலை அதில் குறைவு.

"அப்ப எங்க படுப்போம்னு ஏறப்போற வரைக்கும் தெரியாதா?" என்றார் இவர்.

"ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி தெரிஞ்சுரும் சார். உள் அறைக்குக் கீழ இறக்க மாட்டாங்க, அதுதான் கேரண்டி. சில சமயம் மேல தூக்கிப் போடுவாங்க. அது உங்க அதிர்ஷ்டம்."

"சன்னலே இருக்காதா?"

"இருக்காது சார். லைட்ட அணைச்சா கும்மிருட்டு. போன வருஷம் போன ஒரு ஜோடி, மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் தூங்கிட்டு, இன்னும் விடியலன்னு நெனச்சாங்களாம்."

"அதையே போடுங்க" என்றேன்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கடலப் பாக்கத்தான தையு போறோம்? அதுக்குப் போயி அலமாரிக்குள்ள படுக்கணுமா?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. துறையூர்ப் பக்கத்து ஆள். பதினெட்டு வயதுவரை கடலையே பார்த்ததில்லை. பிறகு மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருடம் கம்பம் ஏறி, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றார். பார்த்த கடலெல்லாம் கரையில் நின்று பார்த்ததுதான். நாலு பக்கமும் கரை தெரியாத கடலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"ரூமு தூங்கத்தானேங்க. பாக்கறதுக்கு மேல்தளம் இருக்கு" என்றேன். அவர் என்னோடு வாதாடுகிறவர் இல்லை. கையெழுத்துப் போட்டார்.

மகள் சுபாஷிணி கேட்டால் விலை குறைவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 24

ஹாலில் வெளிச்சம் பற்றவில்லை என்று நேற்று முணுமுணுத்தேனாம். இன்று இருபது வாட் எல்.இ.டி. பல்பு மாட்டியிருக்கிறார். கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. "இப்ப?" என்று ஏணியில் நின்றபடியே கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 31

பென்ஷன் விஷயமாகத் தலைமைத் தபால் நிலையம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்த இடத்தைப் பொய்க்குப் பயன்படுத்துவது இதுதான் முதல் தடவை. இல்லை, இரண்டாவது.

ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்ன வெளிச்சம் மின்னும்போதெல்லாம் கையில் உள்ள பட்டனை அமுக்க வேண்டும். வலது கண் ஆயிற்று. இடது கண் பாதியில் இருக்கும்போது அங்கே இருந்த பெண் என் தோளைத் தொட்டு, "அம்மா, தூங்கிட்டீங்களா? பட்டன அமுக்கவே இல்லையே" என்றாள்.

நான் கண் கொட்டாமல் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வரும் வழியில் கீரையும் முருங்கைக்காயும் வாங்கினேன்.

பிப்ரவரி 7

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் மோதி முழங்காலுக்குக் கீழே நல்ல அடி. அவர்கள் எப்போதும் நிறுத்துகிற இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். இவர் தைலம் தேய்த்துவிட்டார். "பாத்து வரக்கூடாதா?" என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எல்லோரும் சொல்கிற வார்த்தைதான்.

பிப்ரவரி 11

சுபாஷிணி பெங்களூரிலிருந்து பேசினாள். அப்பா அவளிடம் புகார் சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, சன்னல் இல்லாத ரூமா? மூச்சு முட்டாதா? நான் பால்கனி ரூமுக்கு மாத்தச் சொல்றேன்."

"வேண்டாம்டி. ரூமுலயே உக்காந்திருக்கவா போறோம்?"

"அப்பா பாவம்மா. கப்பல் படத்தையெல்லாம் எனக்கு அனுப்பிக்கிட்டே இருக்காரு. கடலப் பாத்தபடி காபி குடிக்கணுமாம்."

"மேல போயிக் குடிக்கட்டும். நானா வேண்டாங்கறேன்?"

கொஞ்சம் அதிகக் குரலில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் சட்டென்று பேச்சை மாற்றி, பேரனுக்குப் பல் விழுந்ததைச் சொன்னாள்.

பிப்ரவரி 19

காஸ் வந்தது. ரசப்பொடி அரைத்தேன். ராத்திரிச் சொட்டு மருந்தை ஃபிரிட்ஜில் புளி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இவர் புளி டப்பாவைத் தொடுகிற ஆள் இல்லை.

பிப்ரவரி 26

இந்த நோட்டில்கூட எழுதாமல் இருப்பதில் ஒரு பயனும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

போன ஆகஸ்டில் கண்ணாடி மாற்றப் போனபோது கண்டுபிடித்தார்கள். கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வருமாம். வலி கிடையாது. நடுவில் தெளிவாகத் தெரிவதால் நமக்கே தெரியாதாம். எனக்கு இப்போது நேராகப் பார்த்தால் எல்லாம் தெரிகிறது. பேப்பர் படிக்கிறேன், ஊசியில் நூல் கோக்கிறேன். ஆனால் இடது பக்கம் யாராவது வந்து நின்றால் அவர்கள் பேசும்வரை தெரிவதில்லை. காலடியில் இருப்பதும் தெரிவதில்லை.

"போனது வராதும்மா. இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். மருந்த ஒரு நாள்கூட விடக்கூடாது. அடுத்த தடவை வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. போன மாதச் சோதனையைப் பார்த்துவிட்டு, "கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன்.

இவரிடம் ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். இவருடைய தம்பி மாரடைப்பில் போன செய்தி என் போனுக்குத்தான் வந்தது. நான்தான் சொன்னேன். இவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க, அந்த முகம் மட்டும் என் கண் எதிரே உதிர்ந்து போயிற்று. அதற்கு முன்னால் இருந்த முகம் திரும்ப வர ஒரு வருடம் ஆயிற்று. மறுபடியும் நானே அதைச் செய்ய வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும். ஆனால் முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் அப்படி ஒரு இருட்டு கிடையாது. தெரு விளக்கு எல்லா அறையிலும் விழுகிறது. அன்றைக்குப் பிலோமினா கும்மிருட்டு என்று சொன்ன உடனே எனக்குத் தோன்றிவிட்டது, அங்கே சொல்லிவிடலாம் என்று.

உள் அறை கேட்டது இதற்காகத்தான்.

மார்ச் 8

அறை நம்பர் வந்துவிட்டது. பிலோமினா போன் செய்தார். போனை எடுத்தது இவர். "என்னது? நெஜமாவா?" என்று கத்தியதில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன்.

உள் அறைகள் எல்லாம் நிறைந்துவிட்டதால் எங்களை மேலே தூக்கிவிட்டார்களாம். ஒன்பதாம் தளம், பால்கனி அறை. கூடக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை.

இவர் உடனே போய் மைசூர்பாகு வாங்கிவந்து, மாடி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தார். ஸ்கூட்டர்க்காரரிடம் பத்து நிமிடம் நின்று விவரித்தார்.

எனக்குத் தலைவலி. சீக்கிரம் படுத்தேன்.

மார்ச் 9

மாவு மெஷினுக்குப் போகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு பிலோமினாவிடம் போனேன். படிக்கட்டில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஏறினேன்.

"எனக்குப் பழையபடி உள் அறையே வேணும். மாத்தித் தர முடியுமா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்மா. மேல ஏத்திவிட்டத கீழ இறக்குங்கன்னு கேட்ட ஒரே ஆளு நீங்கதான். என்ன விஷயம்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். தலைசுற்றல் என்று சொல்லலாம் என்று வழியிலேயே யோசித்தும் வைத்திருந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது உண்மை. கண், டாக்டர், இருட்டு, இவருடைய முகம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு மாதமாக யாரிடமும் சொல்லாததை, இரண்டு தடவை பார்த்த ஒரு பெண்ணிடம் சொன்னேன்.

ஐயோ பாவம் என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"கேட்டுப் பாக்கறேன். யாராவது கேன்சல் பண்ணுனா கெடைக்கும். ஆனா ஒண்ணு சொல்லவாம்மா? அந்த ரூமுலயும் சுவிட்ச் இருக்கு. நீங்க சொல்லி முடிச்சதும் சார் மொதல்ல லைட்டத்தான் போடுவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்த ஆள் இருட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாரா? இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

"நேத்து போன்ல சார் எவ்ளோ சந்தோஷப்பட்டாரு தெரியுமா? எனக்கே ஆசையா இருந்துச்சு. அவரோட கடல மறைச்சுத்தான் உங்க பயத்துக்குத் திரை கட்டணுமாம்மா?"

கோபம் வந்தது. அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

மாவு அரைக்காமலே வீட்டுக்கு வந்தேன். மெஷின் ரிப்பேர் என்றேன்.

மார்ச் 10

காலையில் இவர் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் அறையின் படம் போட்டுக்கொண்டிருந்தார். கட்டில் இங்கே, கண்ணாடிக் கதவு இங்கே, பால்கனியில் இரண்டு நாற்காலி. கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது.

"நீ இந்தப் பக்கம் உக்காந்துக்க. காலை வெயில் ஒம்மேல படாது" என்றார்.

பிலோமினாவுக்குப் போன் செய்து, ஒன்றும் மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். "சரிம்மா" என்றார்.

மாவு அரைத்து வந்தேன்.

மார்ச் 17

பெட்டி கட்டியாயிற்று. பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, ஒரு டஜன் தேங்காய்ப்பால் முறுக்கு. கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லையாம், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சொட்டு மருந்து கைப்பையில், புதுப் பாட்டில்.

இன்றிரவு விமானம்.

மார்ச் 18

ஏறிவிட்டோம். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று தண்ணீரில் நிற்கிற மாதிரி இருந்தது. தாழ்வாரங்கள் நீளமானவை, எல்லாம் ஒரே மாதிரி. தரைவிரிப்பில் பூப்போட்டிருப்பதால் படி எங்கே முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை. இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட நான் ரோட்டில் இவர் கையைப் பிடித்ததில்லை. இவர் பெருமையாக நடந்தார்.

அறைக்குள் பெட்டியைப் போட்டதும் நேரே பால்கனிக்குப் போய்விட்டார். கப்பல் கிளம்பி, சிங்கப்பூரின் கட்டடங்கள் பின்னுக்குப் போகும்வரை கம்பியைப் பிடித்து நின்றார். நான் பக்கத்தில் நின்று அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, அறையை மாற்றவில்லை.

மார்ச் 19

பினாங்கு. கோயில், கடைத்தெரு. திரும்பி ஏறும்போது பலகைப் பாலத்தின் விளிம்பில் கால் இடறியது. இவர் பிடித்துவிட்டார். "புதுச் செருப்பு" என்றேன். கடைத்தெருவிலேயே வேறு செருப்பு வாங்கியிருக்கலாம் என்று வருத்தப்பட்டார்.

மார்ச் 20

புக்கெட். மறுபடி இடறுமோ என்று நான் இறங்கவில்லை. அவரும் போகவில்லை. முறுக்கு தீர்ந்துவிட்டது.

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 21

இன்று எந்த ஊரும் இல்லை. முழுநாளும் கடல்.

காலைச் சாப்பாடு முடிந்து ஒன்பதரை மணிக்குப் பால்கனியில் உட்கார்ந்தோம். நான் வலது நாற்காலி, அவர் இடது. நாலு பக்கமும் கரை இல்லை என்று சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒரு பக்கம்தான். ஆனாலும் அவர் ஆசைப்பட்டது அதுதான். வெயில் ஏறாத நேரம். தண்ணீர் கருநீலமாக இருந்தது.

திடீரென்று அவர் துள்ளி எழுந்தார். "தையு! அந்தா பாரு, மீனு! பறக்குது! தண்ணிக்கு மேல பறக்குது, பாத்தியா?"

"ஆமா. எவ்ளோ அழகு" என்றேன்.

குரல் வந்த பக்கம் நான் தலையைத் திருப்பியபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தானே அந்த மீனைச் செய்து பறக்கவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. நான் மீனைப் பார்க்கவில்லை. அவர் நீட்டிய கையைக்கூடப் பார்க்கவில்லை. எல்லாம் என் இடது பக்கம்.

இன்னும் எத்தனை வருடம் இப்படி ஆமா ஆமா என்று சொல்லிக்கொண்டிருப்பேன்? நான் இங்கே இருந்தும், அவர் தனியாகத்தான் கடல் பார்க்கிறார்.

"இல்லைங்க" என்றேன். "நான் பாக்கல."

"இரு, திரும்ப வரும்."

"வந்தாலும் தெரியாதுங்க. எனக்கு அந்தப் பக்கம் தெரியாது."

சொன்னேன். கண்ணைப் பற்றி எல்லாவற்றையும், அவர் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். தலையைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தால்தான் அவர் எனக்குத் தெரிவார், வேறு வழியில்லை. எந்த முகத்துக்குப் பயந்தேனோ அந்த முகம் வந்தது. வாய் லேசாகத் திறந்து, கன்னம் தொய்ந்து, பத்து வயது கூடிப்போய்.

"எப்பலேர்ந்து?"

"ஆகஸ்டுலேர்ந்து தெரியும்."

"ஆகஸ்டா? ஏழு மாசமா?" எண்ணிப் பார்த்தார். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"டாக்டருக்கு. அப்புறம் பிலோமினாவுக்கு."

"டிராவல்ஸ்காரம்மாவுக்கா?" அவருடைய குரல் உடைந்தது. "அவங்ககிட்ட சொல்லத் தெரிஞ்சுது. கூடவே படுத்து எந்திரிக்கறவன்கிட்ட சொல்லத் தெரியலையா? நான் என்ன வேத்து ஆளா?"

அவர் உள்ளே போய்விட்டார். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. நான் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. இறக்கி வைத்த பிறகு தோள் மரத்துப்போயிருக்குமே, அப்படி இருந்தது.

கால் மணி நேரம் இருக்கும். கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தார், சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. கையில் இரண்டு கோப்பை டீ. ஒன்றை என் கையில் வைத்து, என் விரல்கள் பிடியைச் சுற்றி மூடும்வரை விடாமல் பிடித்திருந்தார்.

"என் மூஞ்சியப் பாக்கப் பயந்தியா?" என்றார்.

நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை.

"ஆமா."

"தம்பி போனப்ப மாதிரி ஆயிருவேன்னா?"

"ஆமாங்க."

"ஆனேன்தான். இப்பவும் ஆச்சு. என்ன பண்றது, அதுவா ஆவுது. நீ அதுக்குப் பயந்து தனியா ஆஸ்பத்திரிக்குப் போவியா?" தன் டீயை ஊதினார். "அடுத்து எப்ப வரச் சொல்லியிருக்காங்க?"

"இருபத்தாறு."

"நானும் வர்றேன். மருந்து எங்க வச்சிருக்க? ராத்திரி நான் ஊத்தறேன்."

"எனக்கே ஊத்திக்கத் தெரியும்."

"தெரியும். நான் ஊத்தறேன்."

டீயைக் குடித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தன் நாற்காலியைப் பிடித்து இழுத்தார். "நேரா பாரு. தலையத் திருப்பாத. இப்ப நான் தெரியறேனா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

லைனில் எங்கே பழுது என்று கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டு போகிறவர். அதே பொறுமையோடு, ஒவ்வொரு ஜாணாக நாற்காலியை நகர்த்தினார். அதன் கால் தரையில் உராய்கிற சத்தம் எனக்கு இடப்பக்கமிருந்து முன்னால் வந்தது.

"இங்க?"

"கை தெரியுது. தோள் தெரியல."

"இங்க?"

"ம். இப்பத் தெரியறீங்க."

"முழுசா?"

"முழுசா."

"சரி" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு நேர் எதிரே. கம்பிக்கு முதுகு கொடுத்து.

"கடல் உங்களுக்குப் பின்னாடி இருக்குங்க."

"இருக்கட்டும். மூணு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இதுக்காகத்தான வந்தீங்க."

"நீ பாத்துச் சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

முதலில் கடல் இருக்கிறது என்றேன். "அது எனக்கும் தெரியும்" என்றார். பிறகு அவர் தோளுக்கு மேலாக நிதானமாகப் பார்த்தேன். நேர் எதிரே இருப்பது எனக்குத் தெளிவாகத்தான் தெரிகிறது. கப்பல் ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீர் வெள்ளையாக நுரைத்துப் போய், கொஞ்ச தூரத்தில் பச்சையாகி, அதற்கப்பால் நீலமாகிவிடுவதைச் சொன்னேன். வானமும் தண்ணீரும் சேர்கிற இடத்தில் ஒரு சரக்குக் கப்பல், பெட்டி பெட்டியாக அடுக்கியது, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் இருப்பதைச் சொன்னேன்.

"எந்தக் கலரு பெட்டி?"

"செவப்பு. நடுவுல ரெண்டு நீலம்."

"மீனு?"

"இல்ல. வந்தா சொல்றேன்."

அவர் தலையாட்டினார். திரும்பிப் பார்க்கவில்லை. காலை நீட்டி என் நாற்காலிக் காலோடு முட்டுக்கொடுத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் ஆகும்வரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.